கை மட்டும்

தொப்பியைத் தைத்தவன் எவனோ, சுத்தச் சோம்பேறி. தலையில் இழுத்து மாட்டித் தாடைக்கடியில் பட்டையை ஒட்டியபோதே சாந்தாமணிக்குத் தெரிந்துவிட்டது. பட்டையின் ஓரத்தை மடித்து அடிக்காமல் வெட்டினது வெட்டினபடி விட்டிருந்தான். பிசிறு கழுத்தில் அரித்தது. ஒரு மடிப்பு, ஒரு ஓட்டு, அவ்வளவுதானே வேலை, அதற்குக் கூடவா கை வலிக்கும்? வாய் இருந்தால் கேட்டிருப்பாள். வாய் இருந்தது, நாக்கு இருந்தது, பல்லெல்லாம் வைத்தது வைத்த இடத்தில் இருந்தது. தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள், ஆனால் பேச முடியாததற்கு அது காரணமில்லை. ஆவணி மாசம் மொபெட்டின் பின்னாலிருந்து விழுந்த நாளிலிருந்து இவள் எதைச் சொன்னாலும் உடம்பு கேட்பதில்லை. விரலை நீட்டு என்பாள், நீட்டாது. கண்ணை மூடு என்பாள், அது தனக்குத் தோன்றினால் மூடும், தோன்றினால் திறக்கும், வீட்டு ஓனர் மாதிரி. திறந்திருக்கும்போது கூரையும் அதில் ஒரு விளக்கும் கலங்கலாகத் தெரியும். பக்கத்தில் நிற்பது யாரென்று பார்க்க விழியைத் திருப்ப முடியாது. காது மட்டும் ஒழுங்காகக் கேட்டது. கேட்கிறது என்பது ஒருத்தருக்கும் தெரியாது. கேட்டுப் புரிகிறதா என்று பார்க்கத்தான் இன்றைக்கு இந்தத் தொப்பி, தொப்பியிலிருந்து போகும் வயர்கள், வயர்களின் முனையில் எங்கேயோ ஒரு கம்ப்யூட்டர், அதற்கு முன்னால் ஒரு டாக்டர். “ஜில்லுன்னு இருக்கும்மா, பயந்துக்காதீங்க. ஊசி இல்லை, வெறும் ஜெல்தான். என் பேர் பெனிட்டா” என்றது ஒரு பெண்குரல். பேரைச் சொல்லிவிட்டுத்தான் தலையையே தொட்டாள். இத்தனை மாசத்தில் எத்தனை பேர் வந்து புரட்டினார்கள், குத்தினார்கள், குழாய்க்குள் குழாய் விட்டுச் சளியை உறிஞ்சினார்கள், ஒருத்தராவது பேர் சொன்னார்களா? சாந்தாமணிக்கு அழுகை வந்தது. வந்தது என்றால், உள்ளே எங்கேயோ வந்து, வெளியே போக வழி தெரியாமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. தொப்பியின் ஒவ்வொரு ஓட்டையிலும் ஜெல் இறங்கியது. ஒரு துளி வழிந்து புருவத்தில் நின்றுகொண்டு மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நமநமவென்றது. துடைங்கம்மா, யாராவது துடைங்க. யாரும் துடைக்கவில்லை.

அவர் இருமினார். அவர் என்றால் குழந்தைவேல், இவள் வீட்டுக்காரர், மில்லில் ஃபிட்டர். பஞ்சு தின்ற நெஞ்சு, இருமலை வைத்தே சுவரோரமாக நாற்காலியில் இருக்கிறார் என்று சொல்லிவிடலாம். பக்கத்தில் மகள் பிரதீபா, கரூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்தவள், வளையல் சத்தம். நேற்றைக்குப் போனில் பேசிக்கொண்டதை இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேதான் பேசினார் அவர், ஸ்பீக்கரில் போட்டு. அடுத்த தடவை காய்ச்சல் வந்து சளி கட்டினால் மூச்சு மெஷினில் போட வேண்டாம் என்றாள் மகள். “அம்மா அதுல இல்லப்பா. அம்மா எப்பவோ போயிட்டாங்க. நாம பாத்துட்டு இருக்கறது வெறும் உடம்பு. நீங்களும் சேந்து போயிருவீங்க போல இருக்குது.” கெட்ட பெண் இல்லை அவள். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் தேம்பினது இவளுக்குக் கேட்டது. அவர் கட்டில் கம்பியை விரலால் தட்டினார். பிறகு சொன்னார்: “நாளைக்கு டெஸ்ட் பண்ற மிசின் சொல்லட்டும் கண்ணு. உள்ள இருக்கறான்னு வந்துதுன்னா எத்தனை வருசமானாலும் நான் வெச்சுப் பாத்துக்குவேன். இல்லைன்னு வந்துதுன்னா உன்ற இஷ்டப்படி ஆகட்டும்.” ராத்திரி பூராவும் சாந்தாமணி அதையே உருட்டிக்கொண்டிருந்தாள். மெஷின் சொல்லட்டுமாம். இருக்கிறேன் என்று இவள் சொல்லக்கூடாது, மெஷின் சொல்ல வேண்டும். சரி, சொல்லட்டும். பரீட்சை என்றால் பரீட்சை. எட்டாவதில் கணக்கில் கோட்டைவிட்டுவிட்டுத் தையலுக்கு வந்தவள்தான், ஆனால் இது கணக்கில்லையே. இருக்கிறோமா என்பதற்கு என்ன படிக்க வேண்டிக் கிடக்கிறது?

“சாந்தாமணியம்மா, கேளுங்க” என்றாள் பெனிட்டா, காதுக்குப் பக்கத்தில் குனிந்து. “காதுல ஹெட்ஃபோன் வைப்பேன். அதுல ‘கை’ன்னு கேக்கும். கேட்டதும் வலது கையை அசைக்கற மாதிரி மனசுல நினைச்சுக்கணும். ‘கால்’னு கேட்டா காலை அசைக்கற மாதிரி. பீங்னு கேட்டா ஓய்வு. நிஜமா அசைக்க வேண்டாம், நினைச்சாப் போதும்.” நிஜமாக அசைக்க வேண்டாமாம்! என்ன பெரிய மனசு. சாந்தாமணி உள்ளுக்குள் சிரித்தேவிட்டாள். பெனிட்டா நிமிர்ந்து, “அம்மா என்ன வேலை பாத்தாங்க?” என்று கேட்டாள். “டைலருங்க. லேடீஸ் டைலரு. பெருந்துறைல வந்து கேட்டுப் பாருங்க, இவ கைல தெச்ச ஜாக்கெட்டுன்னா...” என்று ஆரம்பித்த குழந்தைவேலை இருமல் பிடித்துக்கொண்டது. “அப்படியா! சும்மா அசைக்கறதை நினைக்கறது கஷ்டமா இருந்தா, தைக்கற மாதிரி நினைச்சுக்கங்கம்மா. பழகின வேலை ஈஸியா வரும்” என்றாள் பெனிட்டா. நல்ல பெண், என்ன புத்திசாலி, இவளுக்கு ஒரு நல்ல இடத்தில் கல்யாணம் ஆக வேண்டும், பட்டு ரவிக்கை நானே தைத்துத் தருவேன், கூலி வாங்க மாட்டேன். தோள் அளவு எப்படியிருக்குமோ. குரலை வைத்துப் பார்த்தால் ஒல்லிதான். பிறகு ஹெட்ஃபோன் காதை மூடியது, இருமலும் வளையலும் தூரமாகப் போயின, தண்ணீருக்குள் முங்கினதுபோல் ஒரு நிசப்தம், அதற்குள் தன் மூச்சு குழாயில் கரகரவென்று போய் வரும் சத்தம், அதைக் கேட்டதும் பயம். இதுதான் சாவோ என்று இந்தப் பயம் அடிக்கடி வரும். ஒருவேளை ரோட்டிலேயே செத்துத்தான் போனேனோ, இந்தக் கூரையும் விளக்கும்தான் செத்தபிறகு உள்ள இடமோ, இங்கே எல்லாருடைய குரலும் கேட்கும், ஒருத்தருக்கும் நம் குரல் கேட்காது, இதைத்தான் பேய் என்று சொல்கிறார்களோ. இல்லை, பேய்க்குப் புருவம் அரிக்காது.

கை, என்றது ஹெட்ஃபோன். சாந்தாமணி உட்கார்ந்தாள். எங்கே உட்காருவாள், முன்ரூமில், ஜன்னலோரம், தன் தையல் மெஷினுக்கு முன்னால்தான். கை தானாகச் சக்கரத்துக்குப் போனது. சக்கரத்தின் தலையைத் தொட்டுத் தன் பக்கமாக ஒரு இழுப்பு, பெடல் அடியில் காத்துக்கொண்டிருந்தது, குதிகால் முன்கால் குதிகால் முன்கால், ஓட ஆரம்பித்தது மெஷின். ஆ! எத்தனை மாசமாயிற்று இந்தச் சத்தத்தைக் கேட்டு. கையை விட்டுவிட்டுக் காலை மறந்தால் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றி நூல் அறுந்துவிடும். புதிதாகக் கற்றுக்கொள்ள வரும் பெண்களெல்லாம் முதல் வாரம் அறுப்பது இங்கேதான். கை இழுத்த அதே நொடியில் கால் வாங்கிக்கொள்ள வேண்டும், கை ஒரு ஆள் கால் ஒரு ஆள் என்று இருக்கக் கூடாது, இரண்டும் ஒரே ஆள். பிரதீபா மோட்டார் வைத்துத் தருகிறேன் என்று எத்தனை தடவை கெஞ்சினாள். வேண்டவே வேண்டாம் என்றுவிட்டாள் சாந்தாமணி. மோட்டார் ஓட்டினால் தையல் நம் பேச்சைக் கேட்காது, அதன் பேச்சை நாம் கேட்க வேண்டும். பீங் என்று ஒரு சத்தம். ஓய்வாம். எதற்கு ஓய்வு, இப்போதுதானே கழுத்து வளைவுக்கு வந்தோம். கால், என்றது ஹெட்ஃபோன். கால்தானே, இதோ. பெடலில் இரண்டு பாதமும், வலது கொஞ்சம் முன்னால், இடது கொஞ்சம் பின்னால், அழுத்தினாள். கை தன்னால் சக்கரத்துக்குப் போய்த் தொடக்கிக் கொடுத்தது. கொடுக்காமல் எப்படி ஓடும்? ஓடியது. கழுத்து வளைவு அழகாகத் திரும்பியது, சுருக்கம் இல்லை, பிசிறு இல்லை. பார்த்துக்கொள்ளுங்கள் டாக்டரே, பார்த்துக்கொள் பெனிட்டா, பிரதீபா நீயும் பார், வெறும் உடம்பாம், வெறும் உடம்பு ரவிக்கைக் கழுத்தைத் தைக்குமா?

கை. கால். கால். கை. சொல்லச் சொல்லச் செய்தாள். நடுவில் ஒரு பயம் குறுக்கே வந்து படுத்துக்கொண்டது. மூளையில் நினைப்பதெல்லாம் கம்ப்யூட்டரில் தெரியுமென்றால், மற்றதும் தெரியுமோ? நாத்தனார் வந்து போன அன்றைக்கு நினைத்ததெல்லாம்? அவளுடைய சீர்வரிசைப் புடவையைப் பற்றி? கடவுளே, அதையெல்லாம் இப்போது ஏன் நினைக்கிறேன், நினைக்காதே, கை, கை, சக்கரம். கீழே தூக்கம் இழுத்தது. இதுதான் இன்னொரு பயம். தூக்கம் இப்போதெல்லாம் கேட்டுக்கொண்டு வருவதில்லை, பேசிக்கொண்டிருக்கும்போதே திருடன்போல் வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. இன்றைக்கு மட்டும் வராதே சாமி. பரீட்சை நடுவில் தூங்கிவிட்டாள் என்று பேர் வேண்டாம். மொபெட்டிலிருந்து விழுந்தபோதும் தூக்கக் கலக்கம்தான். முகூர்த்த நாள், ராத்திரியெல்லாம் தைத்து முடித்த ரவிக்கைகளைக் கல்யாண வீட்டில் சேர்க்க இவளும் அவரும் போனார்கள். ஒரு பக்கமாக உட்கார்ந்து, கசங்கிவிடக் கூடாது என்று பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் புதிதாகப் போட்ட வேகத்தடை, வெள்ளை அடிக்கவில்லை. தூக்கிப் போட்டது. ஒரு கையை விட்டு அவர் இடுப்பைப் பிடித்திருந்தால் போதும். பிடிக்கவில்லை, பையைப் பிடித்திருந்தாள். ரோட்டில் கிடந்தபோது முதல் நினைப்பும் பை என்னவாயிற்று என்பதுதான். அவரோ தான் வேகமாகப் போனதுதான் காரணமென்று நினைக்கிறார். சாயங்காலமானால் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, “மெதுவாப் போயிருக்கலாம் அம்மிணி, மெதுவாப் போயிருக்கலாம்” என்பார், வேறு பேச்சே இல்லை. ஐயோ, உங்க தப்பு இல்லீங்க, நான் உங்களைப் பிடிக்கலை, துணியைத்தான் பிடிச்சேன். இதைச் சொல்லிவிட்டுச் செத்துப்போனால்கூடப் பரவாயில்லை. இல்லை, பரவாயில்லை என்பது பொய். சாக வேண்டாம். சொல்லிவிட்டு இருக்க வேண்டும். இருந்தால் போதும், இப்படியே கூரையைப் பார்த்துக்கொண்டு, அவர் இருமலைக் கேட்டுக்கொண்டு. கால், என்றது ஹெட்ஃபோன். இதோ, கால், கை, ஓடு.

ரவிக்கையின் கைக்குழி வந்தது, அதில் கை வைத்துத் தைத்தாள், ஹூக்குப் பட்டி வைத்தாள், ஹூக்கு வைப்பது ஊசி வேலை, அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டாள். சத்தம் சொன்னதையெல்லாம் செய்தாள், ஒன்றையும் விடவில்லை, ஓய்வு என்று பீங் அடித்தபோதெல்லாம் மரியாதையாக நின்றாள். இவ்வளவு சந்தோஷம் இந்தக் கட்டிலில் ஒரு நாளும் வந்ததில்லை. உடம்பு பூராவும் வியர்த்தது என்று நினைத்தாள். உடம்புக்கு அது தெரிந்ததோ இல்லையோ. இப்போது கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் எழுந்து நின்றிருப்பாள், கையை வாயில் வைத்துக்கொண்டிருப்பாள், அவர் என்னங்க என்னங்க என்று பதறிக்கொண்டிருப்பார். அடுத்தது கேள்வி கேட்பார்களாம், ஆமாம் என்றால் கை, இல்லை என்றால் கால், வெளியில் நின்று பேசிக்கொண்டார்கள். முதலில் என்ன கேட்பார்கள்? வலிக்கிறதா என்று கேட்பார்கள். கை. உன் வீட்டுக்காரர் பேர் குழந்தைவேலா? கை, கை. வேகமாகப் போனது அவர் தப்பா? கால். கால், கால், கால். ஹெட்ஃபோனைக் கழற்றினார்கள். காற்று வந்து காதில் அடித்தது, ஏசிச் சத்தம் வந்தது, அவர் இருமல் வந்தது. யாரும் பதறவில்லை.

டாக்டர் மெதுவாகப் பேசினார். நல்ல மனுஷர்தான் அவரும். கெட்டவராக இருந்திருந்தால் திட்டவாவது செய்யலாம். “இங்க பாருங்க. ஒருத்தர் கையை நினைச்சா மூளைல ஒரு இடத்துல மாற்றம் தெரியும். காலை நினைச்சா வேற இடத்துல தெரியும். அந்த ரெண்டும் தனித்தனியா பிரிஞ்சு வந்தாத்தான், நாம சொன்னதைக் கேட்டு அவங்க செஞ்சாங்கன்னு சொல்ல முடியும். இவங்களுக்கு ரெண்டுக்கும் ஒரே மாதிரி வருது. ‘கை’ன்னு சொன்னாலும் அதேதான், ‘கால்’னு சொன்னாலும் அதேதான். மெஷினால பிரிக்க முடியலை.” குழந்தைவேல் கேட்டார், “அப்படீன்னா... இல்லைங்களா டாக்டர்?” “இல்லைன்னு நான் சொல்லலைங்க. இருக்காங்கன்னு காட்ட முடியலை, அவ்வளவுதான். சில பேர் இருந்தும் இதுல தெரியாமப் போறதுண்டு. அந்தந்த நேரத்து மூளையோட நிலைமையும் இருக்கு.” “இன்னொரு வாட்டி பாக்கலாங்களா?” “இது ஆராய்ச்சிக்காக வெளியூர்ல இருந்து கொண்டுவந்த மெஷின். இன்னைக்கே எடுத்துட்டுப் போறாங்க. மறுபடி எப்ப வரும்னு என்னால வாக்குக் குடுக்க முடியாது.” பெனிட்டா கட்டிலோரம் வந்தாள். தாடைப் பட்டையை உரித்தாள், தொப்பியைக் கழற்றினாள், ஈரத் துணியால் நெற்றியைத் துடைத்தாள். புருவத்தில் இருந்த அந்தத் துளியும் போயிற்று. இவ்வளவு நேரம் வேண்டி நின்றது கிடைத்தும் சாந்தாமணிக்கு அது உறைக்கவில்லை. ஒரே மாதிரி. ஒரே மாதிரி வருகிறது. ஏன் ஒரே மாதிரி வராது? கையும் காலும் ஒரே ஆளாக அல்லவா ஓட்டினேன்! அடிப் பாவி, மெஷினில் போய் உட்கார்ந்தாயே! கத்தரியை எடுத்திருக்கலாமே. மேஜைமேல் துணியை விரித்துவிட்டு நின்றுகொண்டு வெட்டுகிறவளுக்குக் காலுக்கு என்ன வேலை? தைக்கச் சொன்னாள், தைத்தேன், கால்மிதி மெஷினை அந்தப் பெண் எங்கே பார்த்திருப்பாள், நானாவது யோசித்திருக்க வேண்டாமா? டாக்டரே, இருங்க, போகாதீங்க, தெரிஞ்சுபோச்சு, எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இன்னும் ஒரே ஒரு தடவை மாட்டுங்க. பெட்டி திறந்து மூடும் சத்தம் கேட்டது. வயர்களைச் சுருட்டுகிறார்கள்.

எல்லாரும் போனபிறகு அப்பாவும் மகளும் மட்டும் இருந்தார்கள். பிரதீபா அழுதாள். அவர் அழவில்லை. நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார், ஆனால் கையைப் பிடிக்கவில்லை. அவர் பேசினபோது சாந்தாமணி எதிர்பார்த்த குரல் வரவில்லை. இத்தனை மாசமாக அதில் இருந்த முடிச்சு அவிழ்ந்திருந்தது. “ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது கண்ணு அவளுக்கு. தலையைத் தொறந்தப்ப, தொண்டைல ஓட்டை போட்டப்ப, முதுகுல புண்ணு வந்து அழுகினப்ப... ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. நான் தெனமும் பயந்துட்டே கெடந்தேன், உள்ள கெடந்து துடிக்கறாளோ, கூப்புடறாளோ, எனக்குக் கேக்கலையோன்னு. ராத்திரில கண்ணை மூடுனா அதேதான். இல்லியாம். அவ இல்லியாம். ரோட்டுலயே நிம்மதியாப் போயிட்டா.” மூக்கை உறிஞ்சினார். “சாமி நல்லது செஞ்சிருக்குது.” பிரதீபா, “அப்ப நாளைக்கே ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாமாப்பா?” என்றாள். “போயிரலாம். இனிக் காச்சல் வந்தா வந்துட்டுப் போகுது. அவளை யாரும் குத்த வேண்டாம்.” சாந்தாமணிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இருக்கிறேன் என்று இப்போது இந்த மனுஷனுக்குத் தெரிந்துவிட்டால், அத்தனை வலியையும் முதலிலிருந்து மறுபடி பட ஆரம்பிப்பாரே என்று ஒரு நொடி நினைத்தாள். அடுத்த நொடி, பட்டால் படட்டும், எனக்கு இருக்க வேண்டும், எனக்கு இருக்க வேண்டும் என்று கத்தினாள். குழாயில் மூச்சு அதே நிதானத்தில் போய் வந்தது. நாற்காலி பின்னால் நகர்ந்தது. “வா கண்ணு, கீழ கேண்டீன்ல எதாச்சும் சாப்பிட்டு வரலாம்” என்றார் அவர். “எனக்குப் பசிக்குது.” பசிக்கிறது என்று அவர் வாயால் சொல்லி எத்தனை நாளாயிற்று. கதவு சாத்திக்கொண்டது, வளையல் சத்தம் வராந்தாவில் தேய்ந்து நின்றது. சாந்தாமணி மேஜைமேல் துணியை விரித்தாள், சாக்குக்கட்டியில் கோடு போட்டாள். கை, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கத்தரி கோட்டின்மேல் கரக் கரக்கென்று போயிற்று. அடியில் இரண்டு பாதமும் தரையில் ஊன்றினது ஊன்றினபடி, ஒரு விரல்கூட அசையவில்லை. கால், என்றாள். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வெறும் கையோடு வாசல் வரைக்கும் நடந்தாள். கை பேசாமல் தொங்கியது. கை, என்றாள் மறுபடி. இப்போது ஒரு தப்பும் இல்லை.